நிழல் அவைமேல் விழலாகாது

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயின்றோர், மாதவி ஆடிய அரங்கின் அளவுகளை அறிவர். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் எனத் தச்சனுக்குக் கணக்குச் சொல்வதுபோல் சொல்லிச் செல்கிறார் இளங்கோவடிகள். புகவும் போகவும் இரண்டு வாயில்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள். மேலே ஓவியம் தீட்டிய விதானம். இவற்றிடையே அடிகள் விளக்கையும் மறக்கவில்லை. தூண்களின் நிழல் அரங்கிலும் அவையிலும் படாமல் புறத்தே போகுமாறு விளக்கை நிறுத்தவேண்டும் என்கிறார். ஆடுபவளின் திறம் எத்துணை உயர்ந்ததாயினும், அவளுக்கும் காண்போர் கண்ணுக்கும் இடையே ஒரு தூணின் நிழல் கிடந்தால், அக்கலை அரைகுறையாகவே அவையைச் சென்று சேரும். இதனை அன்றே உணர்ந்திருந்தனர் தமிழர்.

இன்று அந்தத் தூண் நிழல் நம் வெள்ளித்திரையின்மேல் விழுந்து கிடக்கிறது. அதுவே உயர்ந்த கலை என்று போற்றவும் படுகிறது. கதைத் தலைவன் பேசுகிறான், முகம் தெரிவதில்லை. சண்டை நடக்கிறது, அடித்தவன் யார், விழுந்தவன் யார் என்பது விளங்குவதில்லை. தாய் அழுகிறாள் என்பதை வயலின் ஓசையால் அறிகிறோமேயன்றிக் கண்ணீரைக் கண்டு அறிவதில்லை. காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய குடும்பம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டரை மணி நேரம் அமர்ந்திருந்துவிட்டுத் தலைவலியோடு வீடு திரும்புகிறது. இந்நிலையை நாம் எதிர்க்கிறோம். ஏன் எதிர்க்கிறோம் என்பதையும், எதனை எதிர்க்கவில்லை என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருள் வேறு, மங்கல் வேறு

முதலில் ஓர் ஐயத்தை அகற்றிவிடுவோம். நாம் இருளுக்குப் பகைவர் அல்லோம். நிழல் இல்லையேல் முகத்துக்கு வடிவம் இல்லை. இரவு இல்லையேல் கதைக்கு அச்சம் இல்லை. நான்கு பக்கமும் விளக்கைக் கொட்டி, நகைக்கடைபோல் மினுக்கிய செட்டுகளை மீண்டும் போடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. நாம் எதிர்ப்பது மங்கலை. எதனைக் காட்டக்கூடாது என்று கலைஞன் தேர்ந்து மறைப்பது இருள். எதனைக் காட்டவேண்டும் என்று அவன் தேராமலே விட்டுவிடுவது மங்கல். இரண்டும் கறுப்பாகத் தோன்றுவதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

வடதமிழகத்துத் தெருக்கூத்தை எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் நடப்பது அது. தீப்பந்தத்தில் ஆடினார்கள்; பின்னர்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கில் ஆடினார்கள். இக்காலத்துக் கேமராக்காரர் எவரும் பெருமைப்படக்கூடிய இருட்டு அங்கே இருந்தது. ஆயினும் துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து வெளிப்பட்டபோது, கடைசி வரிசையில் கோணிப்பையை விரித்து அமர்ந்திருந்த கிழவிக்கும் அவன் புருவம் தெரிந்தது. ஏன் தெரிந்தது? முகத்தில் அழுத்தமாக எழுதிய வண்ணம், கிரீடத்திலும் புயத்திலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் ஆகிய அனைத்தும் குறைந்த ஒளியை வாங்கி அவைக்குத் திருப்பித் தருமாறு அமைந்திருந்தன. இருட்டில் ஆடியவர்கள், இருட்டில் இருப்பவரை மறக்கவில்லை.

மெய்ப்பாட்டை விரித்துரைக்கும் தொல்காப்பியர், கண்ணாலும் செவியாலும் திண்ணிதாக உணரும் உணர்வு உடையோர்க்கன்றி அதன் நலம் எட்டாது என்று முடிக்கிறார். கண்ணை முன்வைத்துச் செவியைப் பின்வைக்கிறார் என்பது கருதத்தக்கது. நகையும் அழுகையும் அச்சமும் வெகுளியும் முகத்தின் வழியே வருவன. முகத்தை மறைத்துவிட்டு மெய்ப்பாட்டை எதிர்பார்ப்பது, தந்தியை அறுத்துவிட்டு யாழிசையை எதிர்பார்ப்பது போன்றதன்றோ?

பெங்களூர் தரும் சான்று

விளக்கைப் பற்றிப் பேசுவதற்கு நாம் வாழும் இந்நகருக்குத் தனியுரிமை உண்டு. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது கோலார் தங்கவயலின் பொருட்டாகும். அச்சுரங்கங்களின் இருட்டில் இறங்கி உழைத்தவருள் மிகப் பலர் தமிழர் என்பது நம் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு. 1905இல் அம்மின்சாரம் பெங்களூர்த் தெருக்களுக்கு வந்து விளக்கேற்றியது.

அந்நகரில்தான், ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக்கில், 1940களில் ஒளிப்பதிவு கற்றார் மைசூரில் பிறந்த வி. கே. மூர்த்தி. பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற கோவிந்த் நிஹலானியும் அங்கே பயின்றவரே. மூர்த்தியிடம் உதவியாளராக இருந்தவரும் ஆவார். குருதத்தின் ‘பியாசா’ (1957), ‘காகஸ் கே பூல்’ (1959) ஆகிய படங்கள் மூர்த்தியின் ஒளிப்பதிவில் உருவானவை. பின்னது இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். 2008ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவரே. 2014இல் இதே பெங்களூரில் மறைந்தார்.

‘காகஸ் கே பூல்’ படத்தில் ஆளில்லாத படப்பிடிப்புக் கொட்டகையில் நிகழும் ஒரு பாடற்காட்சி உண்டு. மேலிருந்து சாய்ந்து இறங்கும் ஒளிக்கற்றை ஒன்று, சுற்றிலும் பேரிருள். குருதத்தும் வஹீதா ரஹ்மானும் ஒருவரையொருவர் அணுகமுடியாமல் நிற்கிறார்கள். அவ்வொளியைப் பெறுவதற்கு மூர்த்தி பெரிய கண்ணாடிகளை வைத்துக் கதிரவனின் ஒளியையே திருப்பிக் கொட்டகைக்குள் பாய்ச்சினார். சட்டகத்தின் பெரும்பகுதி கறுப்பு. எனினும், எங்கே பார்ப்பது என்று தடுமாறியவர் எவரும் இலர். வெளிவந்த காலத்தில் அப்படம் வசூலில் தோற்றது, ஒளி தோற்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மாணவர்கள் அதனைப் பார்த்துப் பாடம் படிக்கிறார்கள். நாம் புகழும் இருள் இத்தகையது.

நம் தமிழ்த் திரையிலும் சான்றுகள் குறைவல்ல. எஸ். பாலச்சந்தர் இயக்கி ஏவி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’ (1954) பாடல் இல்லாத படம். ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சிய சென்னையில் நிகழும் கொலைக்கதை. மாருதி ராவின் ஒளிப்பதிவில் சன்னல் கம்பிகளின் நிழலும் படிக்கட்டின் நிழலும் ஐயத்தையே எழுதிக் காட்டுகின்றன. ஆயினும் சாட்சி சொல்லும் ஒவ்வொருவர் முகமும் நமக்குத் தெரிகிறது. பொய் சொல்லும்போது கண் எங்கே ஓடுகிறது என்பதும் தெரிகிறது. இலங்கையில் பிறந்த பாலு மகேந்திரா முதன்முதலாக இயக்கிய படம் கன்னடத்தில் வந்த ‘கோகிலா’ (1977). அதற்கும் ‘மூன்றாம் பிற’ைக்கும் (1982) ஒளிப்பதிவுக்கான தேசிய விருதுகளை அவர் பெற்றார். சன்னல் வழியே வரும் இயல்பான வெளிச்சத்தை நம்பி எடுத்தவர் அவர். ஆனால் அச்சன்னல் எங்கே இருக்கவேண்டும், முகம் எப்பக்கம் திரும்பவேண்டும் என்பதை அறிந்து எடுத்தார். வங்கத்தின் சுப்ரதா மித்ரா, ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காகச் செட்டில் அமைத்த காசி வீட்டு முற்றத்தின்மேல் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதில் மோதச் செய்து மென்மையாக இறக்கினார். இயற்கையாகத் தோன்றிய அவ்வெளிச்சத்தின் பின்னே எவ்வளவு உழைப்பு!

கூறுவார் கூற்றும் நம் மறுப்பும்

“இரவு இருட்டாகத்தானே இருக்கும்? உண்மையை உள்ளபடி காட்டுகிறோம்” என்பார் உளர். இஃது உண்மைபோல் தோன்றும் பொய். இருட்டறையில் புகுந்த மனிதனின் கண் சும்மா இருப்பதில்லை. பாவை விரிகிறது; விழித்திரை இருளுக்குப் பழகுகிறது. நன்கு பழகுவதற்கு இருபது முப்பது நிமிடம் ஆகும். பழகியபின் அவ்வறையில் கட்டிலும் தெரியும், கட்டிலில் கிடப்பவரும் தெரிவர். திரைப்படமோ மூன்று நிமிடம் வெயிலிலும் இரண்டு நிமிடம் இருளிலுமாக நம்மை இழுத்துச் செல்கிறது. கண்ணுக்குப் பழக நேரமில்லை. ஆகவே அறையில் நின்ற மனிதன் கண்டதைவிடக் குறைவாகவே திரையில் நாம் காண்கிறோம். உள்ளதைக் காட்டுவதாகச் சொல்லி, உள்ளதினும் குறைத்துக் காட்டுவது எவ்வகை உண்மை?

“மேல்நாட்டுப் பேரறிஞர்கள் இருட்டில் எடுக்கவில்லையா?” என்பார் உளர். எடுத்தார்கள். ‘தி காட்ஃபாதர்’ (1972) படத்தில் கார்டன் வில்லிஸ் தலைக்கு மேலிருந்து ஒளியை இறக்கி மார்லன் பிராண்டோவின் கண்களை நிழலில் வைத்தார். இந்த மனிதன் என்ன எண்ணுகிறான் என்று பிறர் அறியமுடியாமையே அங்குக் கதை. அவ்விருண்ட அறைக்கு வெளியே நடக்கும் திருமணத்தை வெயில் பொங்க எடுத்தவரும் அதே வில்லிஸ்தான். வெளிச்சத்தை அளந்து வைத்ததனால் இருளுக்குப் பொருள் வந்தது. நம் ‘நாயக’னில் (1987) பி. சி. ஸ்ரீராம் செய்ததும் இத்தகைய அளத்தலே. தேசிய விருது அவரைத் தேடி வந்தது. அன்று அப்படத்தின் இருட்டைக் கண்டு முகம் சுளித்தவர்களும் இருந்தனர். ஆனால் வேலு நாயக்கரின் மூப்பும் துயரமும் எவர் கண்ணுக்கும் தப்பவில்லை. வில்லிசையும் ஸ்ரீராமையும் சான்று காட்டுவோர், அவர்களிடமிருந்து கறுப்பை மட்டும் கடன் வாங்கி அளவை விட்டுவிட்டார்கள். கோலார் மண்ணின் பெயர் தாங்கிப் பெங்களூரிலிருந்து நாடெங்கும் சென்ற ‘கே.ஜி.எஃப்’ (2018) படத்தின் கரிபடிந்த நிறம் அதன் சுரங்கக் கதைக்கு ஒத்தது. அந்நிறத்தைக் கல்லூரிக் காதலுக்கும் கல்யாண வீட்டுக்கும் பூசுவோரை என்னென்பது?

“குறை எம்மிடம் இல்லை; பார்ப்பவர் கருவியில் உள்ளது” என்பார் உளர். 2019 ஏப்ரலில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ஒரு பகுதி வெளியானபோது உலகெங்கும் இக்கூச்சல் எழுந்தது. பெரும்போர் நடக்கும் அவ்விரவில் யார் யாருடன் மோதுகிறார் என்பதே தெரியவில்லை என்றனர் மக்கள். ஒளிப்பதிவாளரோ தொலைக்காட்சிப் பெட்டியின் அமைப்பையும், ஒளிபரப்புக்காகக் காட்சி சுருக்கப்படுவதையும் காரணம் காட்டினார். அக்காரணங்கள் பொய்யல்ல. ஆனால் அவை அவருக்கு முன்பே தெரிந்தவையன்றோ? விருந்தினர்க்குப் பல்லில்லை என்று தெரிந்தும் முறுக்குச் சுட்டு வைத்துவிட்டு, “பல் இல்லாதது உம் குற்றம்” என்னும் விருந்தோம்பல் இது!

மங்கல் இன்று பெருகியதற்கு ஒரு கருவிக்காரணமும் உண்டு. பிலிம் சுருளில் எடுத்த காலத்தில் போதிய ஒளியில்லையேல் படமே பதியாது. பதிந்தது என்ன என்பதும் சுருளைக் கழுவிப் போட்டுப் பார்க்கும்வரை தெரியாது. எனவே ஒளிப்பதிவாளர் ஒவ்வொரு விளக்கையும் எண்ணி வைத்தார். இன்றைய டிஜிட்டல் கேமரா அரையிருட்டிலும் பதிவு செய்துவிடுகிறது. அதன் பிறகு டி.ஐ. என்னும் வண்ணச் சீரமைப்புக் கூடத்தில், கறுப்புத் துணி போர்த்த அறையில், செம்மையாக அளவிட்ட திரையில் அமர்ந்து இயக்குநர் பார்க்கிறார், எல்லாம் தெரிகிறது. படமும் அவருக்கு மனப்பாடம். முதன்முறை பார்ப்பவனுக்கு அங்கே நாற்காலி இல்லை.

நமக்கு ஏன் இது வாழ்வுச் செய்தி?

இஃது எல்லா நாட்டார்க்கும் உரிய குறை. ஆயினும் தாயகத்தை விட்டு வந்து வாழும் நம்மைப் போன்றோர்க்கு இது பொழுதுபோக்கில் வந்த குறை மட்டுமன்று. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வளரும் நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பள்ளியில் தமிழ் படிப்பதில்லை. கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் அவர்களுக்கு எழுத்தாய் வருகின்றன. தமிழ் அவர்களுக்குப் பேச்சாய் மட்டுமே வருகிறது. அப்பேச்சும் பாட்டியின் வாயிலிருந்தும் திரைப்படத்தின் வாயிலிருந்துமே வருகிறது. வாய் என்று நாம் சொல்வது உவமைக்காக அன்று. பேச்சைக் காது மட்டும் கேட்பதில்லை, கண்ணும் கேட்கிறது என்பது அறிவியல் நிறுவிய உண்மை. இரைச்சலினிடையே பேசுபவரின் முகம் தெரிந்தால் சொற்கள் மிகுதியாக விளங்குகின்றன என்பதைச் சம்பியும் பொல்லாக்கும் 1954இல் காட்டினர். உதடு ஓர் ஒலியையும் காது வேறோர் ஒலியையும் காட்டினால், மூளை மூன்றாவதோர் ஒலியைக் கேட்கிறது என்பதை மெக்கர்க்கும் மெக்டொனால்டும் 1976இல் காட்டினர்.

இதனை நம் மொழிக்குப் பொருத்திப் பாருங்கள். லகரமும் ளகரமும் ழகரமும் வேறுபடுவது நாவின் வளைவில். றகர ரகரமும் னகர ணகரமும் அத்தகையனவே. பின்னணி இசை முழங்க, வட்டாரப் பேச்சு விரைந்தோட, இந்நுட்பங்களைப் பிடிக்க முயலும் குழந்தைக்கு முகம் ஒன்றே பற்றுக்கோடு. அம்முகத்தையும் இருட்டிவிட்டால் அக்குழந்தை என்ன செய்யும்? திரையின் அடியில் பளிச்சென வெள்ளையாக ஒன்று தெரிகிறதே, அதைப் பார்க்கும். அஃது ஆங்கிலத் துணையெழுத்து! மங்கிய படத்தில் திரையிலேயே மிகுந்த ஒளியுடையது அதுதான். ஒளி உள்ள இடத்துக்குக் கண் ஓடுவது இயற்கை. தமிழ்ப் படத்துக்கு அழைத்துச் சென்றதாக நாம் மகிழ்கிறோம். பிள்ளை இரண்டரை மணி நேரம் ஆங்கிலம் படித்துவிட்டு வருகிறது. துணையெழுத்தை நாம் பழிக்கவில்லை. அது நம் கன்னட நண்பர்களை நம் படங்களுக்கு அழைத்து வரும் பாலம். ஆனால் துணையாக வந்தது தலைவனாக அமர்வதற்கு இடம் கொடுத்தது எது? முகத்தின்மேல் விழாமற்போன விளக்கு.

மற்றொரு முனையில் நம் பெரியோர் இருக்கின்றனர். ஆலைகளிலும் பொதுத்துறைத் தொழிற்சாலைகளிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் அவர்கள். முதுமையில் கண்ணின் பாவை சுருங்குகிறது, வில்லை மஞ்சளிக்கிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரையைச் சென்றடையும் ஒளி, இருபது வயது இளைஞரின் விழித்திரையை அடைவதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. இளைஞர்க்கு மங்கலானது அவர்க்கு இருட்டு. இளைஞர்க்கு இருட்டானது அவர்க்கு ஒன்றுமில்லை. மூன்று தலைமுறை ஒன்றாக அமர்ந்து தமிழ் கேட்கும் இடங்கள் இந்நகரில் எத்தனை உள்ளன? இருப்பவற்றுள் ஒன்று திரையரங்கு. அங்கும் பாட்டிக்குப் படம் தெரியவில்லை, பேரனுக்குப் பேச்சு விளங்கவில்லை எனில், நடுவில் அமர்ந்த தந்தை யாருக்காகச் சீட்டு வாங்கினார்?

திரையரங்கினர் பொறுப்பு

குற்றம் முழுவதையும் படமெடுப்போர் தலையில் சுமத்துவது நடுவுநிலை ஆகாது. வெண்திரையின் ஒளிக்கு உலகம் ஒப்பிய அளவு உண்டு. பிலிம் காலத்தில் அது 16 அடி லாம்பர்ட். டிஜிட்டல் காலத்தில் 14 அடி லாம்பர்ட், அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. படமெடுப்பவர் இவ்வளவை நம்பியே தம் இருளை வகுக்கிறார். அரங்கிலோ ஜெனான் விளக்கு நாளாக நாளாக ஒளி குன்றுகிறது. மாற்றவேண்டிய காலம் கடந்தும் செலவுக்கு அஞ்சி எரியவிடுவோர் உண்டு. முன்கண்ணாடியில் தூசி, திரையில் அழுக்கு. முப்பரிமாணப் படத்துக்கென மாட்டிய வெள்ளிப் பூச்சுத் திரையில் நடு இருக்கைக்குப் பளபளப்பு, ஓர இருக்கைக்கு மங்கல். அமெரிக்காவிலும் இவ்வூழல் உண்டு. முப்பரிமாணப் படத்துக்கான வில்லையைக் கழற்றாமலே சாதாரணப் படங்களைக் காட்டி ஒளியைப் பெரிதும் இழந்த அரங்குகளைப் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ் 2011இல் வெளிப்படுத்தியது.

பெங்களூரில் பிளாசா போயிற்று, கேலக்சி போயிற்று, கபாலி போயிற்று, ரெக்ஸ் போயிற்று. இருந்த அரங்குகள் வணிக வளாகங்களுக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் இடம் விட்டன. எஞ்சியவையும் மல்டிபிளெக்ஸ்களும் நம்மிடம் வாங்கும் கட்டணம் மட்டும் குன்றவில்லை. எடை குறைந்தால் மளிகைக் கடைக்காரரைக் கேட்கிறோம். அளவு குறைந்தால் பெட்ரோல் பங்கில் கேட்கிறோம். ஒளி குறைந்தால் மட்டும் ஏன் வாய்மூடி எழுந்து வருகிறோம்? நம் கண்தான் பழுதோ என்று நாமே ஐயுற்றுக்கொள்வதனால் அன்றோ?

நாம் கேட்பவை

படமெடுப்போர்க்கு ஒன்று. உங்கள் படத்தை முடிக்குமுன், அளவிட்ட கூடத்தில் அன்றி, பழைய விளக்கு எரியும் ஒரு சிற்றூர் அரங்கிலும், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் தொலைக்காட்சியிலும் போட்டுப் பாருங்கள். கதை அறியாத ஒருவரையும் அறுபது கடந்த ஒருவரையும் அருகில் அமர்த்துங்கள். அவர்களுக்குத் தெரிவதே படம். மற்றது உங்கள் நினைவு.

அரங்கினர்க்கு ஒன்று. விளக்கின் வயதையும் திரையின் ஒளியளவையும் வாயிலில் எழுதி வையுங்கள். தின்பண்டத்தின் விலையை அத்தனை பெரிய எழுத்தில் எழுதும் உங்களுக்கு இஃது அரிதன்று.

நம் குடும்பங்களுக்கும் ஒன்று. மங்கலான காட்சியைக் கண்டால் ஆபரேட்டர் அறைக்கு ஆளனுப்பிக் கேளுங்கள், எழுத்தில் முறையிடுங்கள். அல்சூர் ஏரிக்கரையில் 1950 முதல் இயங்கிவரும் நம் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள், ‘அந்த நாள்’, ‘முள்ளும் மலரும்’ போன்ற படங்களை ஒளி நிறைந்த திரையில் ஆண்டுக்குச் சிலமுறையேனும் காட்டட்டும். முகம் தெரிந்தால் தமிழ் எப்படி விளங்குகிறது என்பதைப் பிள்ளைகள் தாமே காண்பார்கள். நல்ல இருள் எது என்பதையும் கற்பார்கள்.

“பாமரன் கேட்கும் வெளிச்சத்தைக் கலைஞன் கொடுக்கவேண்டுமா?” என்று எவரேனும் கேட்பின், அரங்கேற்று காதையைத் திறந்து காட்டுவோம். அங்கே மன்னன் அமர்ந்திருந்தான். இசையாசிரியனும் ஆடலாசிரியனும் நின்றனர். ஆடவந்தவளோ ஈடிணையற்ற மாதவி. அத்துணைப் பேரும் கூடிய அவ்வரங்கில் விளக்குக்கு விதி வகுத்தவர்கள் நினைத்தது காண்போரின் கண்ணை. தூணுக்கு நிழல் உண்டு. அதனை எவரும் மறுக்கவில்லை. அந்நிழல் அவைமேல் விழலாகாது என்பதே அன்றைய விதி. இன்றைக்கும் அதனினும் மேலான விதி ஒன்றை நாம் அறியோம்.